வெள்ளியங்கிரியின் இரும்பு

கரிமண்மேட்டில் செத்தவர்களின் சாம்பலிலிருந்து முதன்முதலாக இரும்பு வந்தது ஆறுச்சாமி செத்தபோதுதான். எரித்த மறுநாள் காலையில் பாலும் இளநீரும் தெளித்து எலும்பு பொறுக்கப் போன அவருடைய மருமகன் சாம்பலைக் குச்சியால் கிளற, டங்கென்று ஒரு சத்தம் கேட்டது, சுடுகாட்டுக்காரர் மாகாளி மண்வெட்டியால் தள்ளிப் பார்த்தார், விலாவெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் மோட்டார் பம்புக்குள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளுமே அந்தச் சக்கரம், இதழிதழாக, சூடு ஆறாமல் கிடந்தது. ஆறுச்சாமி கம்பெனியில் அந்தச் சக்கரத்துக்குத்தான் ஆயுள் முழுக்க மண்ணில் அச்சு எடுத்தார். மருமகன் அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தான், பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும் என்று யாரோ சொன்னார்கள், பிறகு எல்லாரும் விட்ட இடத்திலிருந்து அழுதார்கள்.

அந்தக் கூட்டத்தில் பழனாத்தாளும் இருந்தாள். அவளுடைய புருசன் வெள்ளியங்கிரி அப்போது உயிரோடு இருந்தார், அதே கம்பெனிக்கு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார், இருமிக்கொண்டும் இருந்தார். நம்ம வீட்டுக்காரருக்கு என்ன வருமோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு ஓடியது, ஓடிய நினைப்பை வாயில் அடித்துக்கொண்டு விரட்டினாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், ஏனென்றால் இது பூமியில் இருந்த ஊர் இல்லை, கம்பெனி கொட்டிய ஊர். கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு குளம் இருந்தது. கம்பெனி இரும்பை உருக்கி ஊற்ற மண்ணில் அச்சுச் செய்யும், ஊற்றி ஆறியதும் அச்சை உடைக்கும், உடைத்த மண் கரியாகக் கறுத்து எதற்கும் உதவாமல் போகும், அதை வண்டிவண்டியாகக் குளத்தில் கொட்டும். குளம் மேடானது, மழை பொய்த்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் மேட்டில் குடிசை போட்டார்கள், குடிசை ஓட்டுவீடானது, ஓட்டுவீட்டுக்குக் கதவு எண் வந்தது, கதவு எண்ணைத் தேடி ஓட்டுக் கேட்பவர்கள் வந்தார்கள், கடைசியாக மாரியம்மனும் வந்து உட்கார்ந்தாள். மழை பெய்தால் மட்டும் குளத்துக்குப் பழைய ஞாபகம் வந்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். கிணறு வெட்டினால் டீ நிறத்தில் ஊறும், கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளை வேட்டி முதல் சலவையிலேயே ஊர் நிறத்துக்கு இறங்கிவிடும். கம்பெனிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, கரிமண்மேட்டில் அதை யாரும் சொல்வதில்லை. தாயை யாராவது பெயர் சொல்லியா கூப்பிடுகிறார்கள், பேயையும் அப்படித்தான்.

ஆறுச்சாமிக்குப் பிறகு வரிசையாக வந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர்கள் முதலில் போனார்கள், அவர்களுக்குக் கரும்பு ஆட்டும் எந்திரத்தின் பல்சக்கரம் வந்தது, அவர்களைவிட இளையவர்களுக்குப் பஞ்சாலை எந்திரத்துக் கால் வந்தது, அடுத்து பம்பு, அடுத்து மாவாட்டும் கிரைண்டரின் அடிப்பாகம், அதற்கும் அடுத்து கப்பலேறி எங்கேயோ போகிற லாரிகளின் பிரேக் டிரம். எந்தக் காலத்தில் கம்பெனி எதை விற்றுக் கொழுத்தது என்று தெரியவேண்டுமானால் கரிமண்மேட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். இப்போது உலைக்கு முன்னால் நிற்பதெல்லாம் வடக்கிருந்து வந்த பையன்கள், அவர்கள் செத்தால் பெட்டியில் வைத்து ரயிலேற்றி விடுகிறார்கள், அவர்களுடைய இரும்பு எந்த ஆற்றங்கரையில் கிடைக்கிறதோ, எடுப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியுமோ தெரியாதோ.

வந்த இரும்பை என்ன செய்வது என்பதில்தான் ஊர் குழம்பியது. முதலில் சாம்பலோடு சேர்த்துப் பேரூர் ஆற்றில் விடப் போனார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, சாம்பல் காற்றோடு போனது, இரும்பு மணலில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது, பழைய இரும்புக்காரன் கண்ணில் படுவதற்குள் திரும்ப எடுத்து வந்துவிட்டார்கள். பிறகு வாசலிலேயே வைத்தார்கள். ஆனால் சுடலையிலிருந்து எடுக்கும்போது இரும்பு மண்ணும் பிசிறுமாகத்தான் வரும், கரிமண்மேட்டுக்காரர்கள் வேறு எதைப் பொறுத்தாலும் இதைப் பொறுக்கமாட்டார்கள். வார்த்த உருப்படி மண்ணோடு கேட்டைத் தாண்டினால் வாங்கியவன் திருப்பி அனுப்புவான், திரும்பி வந்த உருப்படியை முன்னால் வைத்துக்கொண்டு மேஸ்திரி கேட்கிற கேள்வியில் அதைத் தேய்த்தவனுக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருக்கும். அதனால், கருமாதிக்குள் மகன் அந்த இரும்பை உளியால் கொத்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாணைக்கல் பிடித்துப் பளபளப்பாக்கி, எண்ணெய் தடவி வாசலில் வைக்கவேண்டும் என்று ஆகிப்போனது. தேய்க்காத இரும்பை வைத்தால் அப்பனைக் குளிப்பாட்டாமல் பாடையில் ஏற்றியதற்குச் சமம் என்றார்கள். முதலில் சொன்னவன் எவன் என்று யாருக்கும் தெரியாது, நல்ல பழக்கமும் கெட்ட பழக்கமும் ஊருக்குள் வருவது இப்படித்தான்.

கம்பெனி சும்மா இருக்குமா? கேட்டில் மடியைத் தடவி, சோற்றுப் போசியைத் திறந்து பார்த்து அனுப்புகிற கம்பெனி அது. இவ்வளவு காலம் உடம்புக்குள் வைத்து, கேட் பாஸ் இல்லாமல், துகள் துகளாக எங்கள் இரும்பை வெளியே கொண்டு போயிருக்கிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், சுடுகாட்டில் ஒரு வாட்ச்மேனை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வாட்ச்மேன் அள்ளிக்கொண்டு போன இரும்பை உலையில் போட்டால் அது உருகவில்லை, போட்டபடியே கிடந்து உலையைக் கெடுத்தது. ஒரு தடவை வெந்தது மறுபடி வேகாது என்று மாகாளி முன்னமே சொல்லியிருந்தார், யார் கேட்டார்கள். எதற்கும் உதவாது என்று தெரிந்ததும் கம்பெனி அதைத் திருப்பித் தந்து அனுதாபமும் தெரிவித்தது.

ஊருக்கு அது பெருமையாகவும் போய்விட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் வாசல் இரும்பைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள். சூப்பர்வைசர் கோதண்டம் செத்தபோது வெறும் சாம்பல்தான் வந்தது, நாற்காலியில் உட்கார்ந்து கத்தியவருக்கு வேறென்ன வரும். அவருடைய பெண்டாட்டி மானத்துக்குப் பயந்து கடையில் ஒரு பிரேக் டிரம் வாங்கி வாசலில் வைத்தாள், அதில் இருந்த பெயிண்டைச் சுரண்ட மறந்துவிட்டாள். ஊரே பார்த்தது, ஊரே பார்க்காத மாதிரி போனது, ஆனால் அந்த வீட்டுக்கு இன்றைக்கும் பெயிண்டுக்காரர் வீடு என்றுதான் பெயர்.

வெள்ளியங்கிரி அச்செடுப்பவர் அல்ல, உலைக்காரரும் அல்ல. மற்றவர்கள் வார்த்ததை அவர் தேய்ப்பார். பெட்லிங் என்று அதற்குப் பெயர். தகரக் கொட்டகைக்குள், எதிரில் நிற்பவன் முகம் தெரியாத புழுதியில், வார்ப்பின் மேல் ஒட்டிய மண்ணைக் கல் பிடித்து நீக்குவார், நீக்கிய மண் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம் தின்றால் தூசி தானாக இறங்கிவிடும் என்று மேஸ்திரிகள் சொல்லி வைத்திருந்தார்கள், கம்பெனியும் தாராள மனசோடு ஆயுதபூசைக்கு ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுத்தது. இருமல் முற்றியதும் கம்பெனி டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், நெஞ்சில் தெரிந்த வெள்ளையைக் காசம் என்று எழுதினார். அந்தக் கொட்டகையில் இருமியவர்கள் எல்லாருக்கும் அவர் அப்படித்தான் எழுதினார், தூசி நோய் இங்கே ஒருவருக்கும் வந்ததில்லை என்று கம்பெனி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டது.

காசம் என்று எழுதியதால் பழனாத்தாள் புருசனுக்குச் சோற்று வட்டலைத் தனியாக வைத்தாள், பாயைத் தனியாகப் போட்டாள், பேத்தியை அவர் பக்கம் போகவிடாமல் பிடித்து வைத்தாள், மகன் தண்டபாணி அப்பனுக்கு மருந்து கொடுக்கப் போகும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு போனான். டாக்டர் சொன்னதைத்தானே செய்தார்கள். பேத்தி சிரிக்கிற சத்தம் கேட்டால் வெள்ளியங்கிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒட்டாத நோய்க்காக ஒரு மனுசனைத் தன் கையாலேயே ஒதுக்கி வைத்ததை நினைத்தால் பழனாத்தாளுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. அவர் வேலைக்குப் போகமுடியாமல் ஆனதும் சங்கம் போராடி அந்த வேலையை மகனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தது. வாரிசு வேலை கிடைத்த அன்று பட்டாசு வெடித்தார்கள், பழனாத்தாள்தான் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். இப்போது அதே கொட்டகையில், அதே கல்லுக்கு முன்னால் தண்டபாணி நின்றான், காலையில் பல் விளக்கும்போது அவனும் இரும ஆரம்பித்திருந்தான். சங்கத்து ராயப்பன், அச்செடுத்து அச்செடுத்து முதுகு வளைந்த மனிதர், அவளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஒரே ஒரு சாவைத் தூசியால் வந்ததென்று அரசாங்கம் எழுதிவிட்டால் போதும், கொட்டகையில் தூசியை உறிஞ்சுகிற எந்திரம் வைத்தே ஆகவேண்டும், இருமுகிறவர்களை வேறு வேலைக்கு மாற்றியே ஆகவேண்டும். புருசன் எப்படியும் போகத்தான் போகிறார், அவளுக்கு மகன் வேண்டும்.

வெள்ளியங்கிரி ஒரு வெள்ளிக்கிழமை போனார். மறுநாள் எலும்பு பொறுக்கப் பொம்பளைகள் போகிற வழக்கமில்லை, பழனாத்தாள் யாரையும் கேட்காமல் மகனுக்குப் பின்னால் நடந்தாள். மாகாளி கிளறிக்கொண்டே வந்தவர் நெஞ்சுப் பக்கம் வந்ததும் கையை நிறுத்தினார். சக்கரம் இல்லை, பிரேக் டிரம் இல்லை. ஆட்டுக்கறிக் கடையில் தொங்குமே அந்த மாதிரி ஒரு சோடி நுரையீரல், மனுசன் அளவில், வார்ப்பிரும்பில், மேலே குழாய் இரண்டாகப் பிரிந்து, உடம்பெல்லாம் கண்ணறை கண்ணறையாக ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் கரிமண் இறுகிக் கிடந்தது. தண்டபாணி விரலை விட்டுத் தோண்டிப் பார்த்தான், வரவில்லை.

மாகாளி பழனாத்தாளைப் பார்த்துச் சொன்னார்: "மத்தவங்க எதையோ செஞ்சாங்க, செஞ்சது வந்துச்சு. இவரு எதையும் செய்யலீங்க அம்மணி. எல்லாத்தோட மண்ணையும் வாங்கி உள்ள வெச்சுட்டாரு."

ராயப்பன் வந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். எரித்த உடம்புக்கு இதைவிட அத்தாட்சி ஏது, டாக்டர் எழுதியதையெல்லாம் இது ஒன்றே அழித்துவிடும் என்று சொன்னார், சொல்லும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கே மனு எழுதிப் போட்டார், நுரையீரல் நிறைய மண் என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதினார். அரசாங்கத்துத் தொழிற்சாலை ஆய்வாளர் கருமாதிக்கு மறுநாள் கம்பெனிக்கே வந்து இரும்பைப் பார்த்து விசாரிப்பதாகப் பதில் வந்தது. பழனாத்தாள் புருசன் செத்த பிறகு முதன்முதலாக அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டாள்.

கருமாதிக்கு முதல் நாள் வந்தது. மறுநாளைக்கு மறுநாள் பெரிய அதிகாரி வருகிறார், மேனேஜர் இருப்பார், டாக்டர் இருப்பார், இத்தனை பேருக்கு முன்னால் வெள்ளியங்கிரியை மண்ணும் பிசிறுமாகவா கொண்டுபோய் வைப்பீர்கள் என்று துக்கத்துக்கு வந்திருந்த உறம்பரைச் சொந்தமெல்லாம் ஆளுக்கு ஆள் கேட்டது. கேட்டதில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ராயப்பனே புதுக் கல்லும் கம்பி பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு வந்தார், கையில் பிடித்துத் தேய்க்கிற எந்திரம் ஒன்றையும் இரவல் வாங்கி வந்தார். மண்ணைப் பார்த்தால் நீக்கத்தான் தோன்றும், கரிமண்மேட்டில் பிறந்த கைக்கு வேறு எதுவும் தோன்றாது. பழனாத்தாள்தான் எல்லாவற்றையும் எடுத்து மகன் கையில் கொடுத்தாள்.

"உங்கப்பன் ஒரு உருப்படியக்கூட மண்ணோட வெளிய உட்டதில்ல கண்ணு," என்றாள். "நாளான்னிக்குப் பெரிய மனுசங்க பாப்பாங்க. குறை சொல்ல எடமில்லாமத் தேச்சுரு."

தண்டபாணி வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் உட்கார்ந்தான். மூக்குத் துணியைக் கட்டப் போனவன் கட்டாமல் கீழே வைத்துவிட்டான். உயிரோடிருக்கும்போது அப்பனுக்கு முன்னால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றது போதும் என்று அவன் மனசில் இருந்தது, அம்மாவிடம் அதைச் சொல்லவும் செய்தான். காலை வெயில் ஏறி உச்சிக்கு வரும்வரை தேய்த்தான். கல் பிடித்தான், பிறகு ஊசி உளியால் ஒவ்வொரு கண்ணறையாகக் குத்தி மண்ணை இளக்கினான், இளக்கிய மண்ணை வாயால் ஊதி ஊதி எடுத்தான், ஊதிய மண் எழும்பி அவன் முகத்தைச் சுற்றியே நின்றது, இருமினான், தண்ணீர் குடித்தான், மறுபடி குனிந்து ஊதினான். பழனாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். விழுந்த மண்ணைச் சீமாற்றால் கூட்டித் தெருவில் கொட்டினாள், தெருவும் அதே மண்தானே, எது ஊர் எது வெள்ளியங்கிரி என்று தெரியவில்லை.

முடித்து எண்ணெய் தடவியபோது இரும்பு கண்ணைக் கூசவைத்தது. விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. தெருவே வந்து பார்த்தது, இந்த மாதிரித் தேய்ப்பைக் கரிமண்மேடு கண்டதில்லை என்றார்கள், வெள்ளியங்கிரியின் கையே இவனுக்கு வந்திருக்கிறது என்றார்கள், ராயப்பன் சுண்டிச் சுண்டிக் கேட்டுவிட்டுத் தண்டபாணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுநாள் கருமாதியும் குறையில்லாமல் நடந்தது.

விசாரணை கம்பெனியின் விருந்தினர் அறையில், கண்ணாடி மேசைக்கு மேல். ஆய்வாளர் நல்ல மனிதர்தான், பழனாத்தாளை முதலில் உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். தண்டபாணியும் ராயப்பனும் துணியை விலக்கி இரும்பை மேசையில் வைத்தார்கள். ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், டார்ச் அடித்து ஒவ்வொரு கண்ணறையாகப் பார்த்தார், வெள்ளைக் கைக்குட்டையின் நுனியைத் திரித்து உள்ளே விட்டு எடுத்தார், கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது. டாக்டர் எட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான நுரையீரலைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார், கேலியாக இல்லை, மெய்யாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். மேனேஜர் அதைச் சுண்டிக் கேட்டார். நல்ல வார்ப்பு, நல்ல வேலை, யார் பெட்லிங் என்று கேட்டார்.

"நானுங்க," என்றான் தண்டபாணி.

கேட்டவுடன் வந்துவிட்ட பதில் அது. ஒரு கணம் அவன் முகத்தில் சந்தோசம்கூட இருந்தது. அடுத்த கணம் அவன் இரும்பைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், அம்மாவைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். ராயப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

ஆய்வாளர் மனுவை மறுபடி படித்தார். "மண் இருந்ததா எழுதியிருக்கீங்களேம்மா. அது எங்கே?"

கூட்டித் தெருவில் கொட்டியது போகட்டும். பழனாத்தாள் மகனைப் பார்த்தாள். உச்சி வெயிலில் அவன் குனிந்து ஊதியதும், எழும்பிய மண் அவனைச் சுற்றி நின்றதும், அவன் மூச்சை இழுத்ததும், தான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்ததும் அவளுக்கு இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன.

"இவன் நெஞ்சுக்குள்ள போயிருச்சுங்க," என்றாள். "நாந்தானுங்க தேய்க்கச் சொன்னேன்."

ஆய்வாளர் பேனாவை எடுத்து எதையோ எழுதப் போனார், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார், பிறகு மூடிவிட்டார். அவருக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது, ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்கவேண்டும்.

"கவலைப்படாதீங்கம்மா," என்றார். "அது வெளிய வர்றப்போ தேய்க்காம அப்படியே கொண்டு வாங்க. கண்டிப்பா எழுதிடலாம்."

பழனாத்தாள் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கம்பெனி கேட்டிலும் ஆயுள் முழுக்க நின்று பழகியவள். அதிகாரி ஒன்றைச் சொல்லி முடித்தால் என்ன சொல்லவேண்டுமோ அதை அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரிங்க," என்றாள்.

ஆய்வாளர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு மணி ஷிப்டுக்கு நேரமாகிறது என்று மேனேஜர் சொல்ல, தண்டபாணி கொட்டகைப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினான், அவன் இருமுகிற சத்தம் முற்றத்தைத் தாண்டிப் போகும்வரை அறைக்குள் கேட்டது. தான் எதற்குச் சரி சொன்னோம் என்று பழனாத்தாளுக்கு அப்போதுதான் புரிந்தது.